பலகையில் கர்ஜித்த ஆறாம் எண்

2007 மார்ச் 14, புதன்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். 7.50-க்கு மொபெட்டை எடுத்தேன். 8.15-க்கு உழவர்கரையில் இருந்த எங்கள் பட்டறையில் கையெழுத்துப் போட்டேன். மேஜையைத் துடைத்து, மல்டிமீட்டரின் பேட்டரியைச் சோதித்து, முந்தைய நாள் குறிப்பைப் படித்து, நோட்டில் அன்றைய தேதியை எழுதினேன். 8.30-க்கு டீ. பதினான்கு வருடங்களாக இந்த வரிசை மாறியதில்லை. இப்படி வேலை செய்கிறவனுக்குச் சின்னத் தவறு வரலாம், பெரிய தவறு வராது என்று அன்று மதியம் மூன்று மணி வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்தது பித்தளையில் மாதிரி ரயில் என்ஜின்கள். நிஜ என்ஜினில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. பிரான்சில் ஒரு கடை வாங்கிக்கொண்டது. அதுவரை செய்ததெல்லாம் ஊமை என்ஜின்கள். அந்த முறை சத்தம் போடும் நீராவி என்ஜின் நூற்றைம்பது கேட்டிருந்தார்கள். ஓடும்போது நீராவி தள்ளும் சத்தம், விசில், பிரேக் பிடித்தால் கிறீச். சத்தத்தைப் பதிந்து வைத்திருக்கும் சவுண்ட் டிகோடர் என்ற சிறிய போர்டை அவர்களே அனுப்பிவிட்டார்கள். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பொறுப்பு. அதாவது, குவாலிட்டி சூப்பர்வைசரான என் பொறுப்பு.

இந்த ஆர்டர் நின்றால் ஏப்ரலில் அசெம்பிளி மேஜைக்கு வேலையில்லை என்று முதலாளி செல்வநாதன் சார் சொல்லியிருந்தார். அசெம்பிளி மேஜையில் எட்டுப் பெண்கள்.

ஜனவரியில் நடந்த பலகைச் சோதனை

ஸ்பீக்கர் போகவேண்டிய இடம் டெண்டர். என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வருகிற வண்டி அது. மாதிரியில் அதன் உள்ளகலம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த அளவுக்குள் அடங்குகிற ஒன்பது வகை ஸ்பீக்கர்களை வரவழைத்து ஒன்று முதல் ஒன்பது வரை எண் ஒட்டினேன்.

இந்த வேலையில் எல்லோரும் பயப்படுவது ஓம்ஸுக்குத்தான், அதாவது மின்தடையின் அளவுக்கு. டிகோடர் நூறு ஓம்ஸ் கேட்கும்போது எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் போர்டு எரிந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். அதில் ஒரு பிசகும் இல்லை.

பித்தளைத் தகடு வரத் தாமதமானதால் அப்போது டெண்டர் ஒன்றுகூடத் தயாராக இல்லை. பேக்கிங் பெட்டியின் ப்ளைவுட் பலகை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் இடைவெளியில்லாமல் உட்காரும்படி ஒன்பது துளைகள் போட்டேன். ஒரு மீட்டர் தூரத்தில் நாற்காலி. முதலாளியும் நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மார்க் போட்டோம். நோட்டில் பதினொரு பத்திகள்: எண், விட்டம், கனம், எடை, ஓம்ஸ், விசில், நீராவி, பிரேக், அதிர்வு, சூடு, மொத்தம்.

ஆறாம் எண் ஜெயித்தது. இருபத்தெட்டு மில்லிமீட்டர் வட்டம். பலகையில் அது கர்ஜித்தது. நான்காம் எண் ஏழாவது இடம். செல்போனுக்காகச் செய்த நீள்சதுர ஸ்பீக்கர் அது. பின்பக்கம் பிளாஸ்டிக் டப்பாவால் ஏற்கெனவே மூடியிருந்தது. அதற்கு 'நிராகரிப்பு' என்று சீட்டுக் கட்டி டிராயரில் போட்டேன். ஆறாம் எண்ணில் நூற்றைம்பது வாங்கினோம். டெண்டரின் தரையில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் துளை என்று டிராயிங்கும் போட்டாயிற்று.

மூன்று மணி

மார்ச் 14-க்குள் ஐந்து என்ஜின்கள் முடிந்திருந்தன. மூன்று மணிக்கு முசே லெயோன் வந்தார்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற நம்மூர்த் தமிழர், பிரான்ஸ் கடைக்கு இங்கே ஏஜென்ட். வெள்ளிக்கிழமை விமானத்தில் சாம்பிள் ஒன்றை அவரே கையோடு எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"அலோர், செல்வம்! உன் வண்டி கத்துதா இல்லியா? அங்க நாலு பேரு காத தீட்டிக்கினு உக்காந்திருக்கான்."

"நீங்களே கேளுங்க முசே" என்றார் முதலாளி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துக் கன்ட்ரோலரைத் திருப்பினேன். வண்டி அழகாக நகர்ந்தது. சத்தம் என்று வந்தது, காதோரம் பறக்கும் கொசுவின் சத்தம். விசிலை அழுத்தினேன். கொசு கொஞ்சம் கோபப்பட்டது.

முசே லெயோன் குனிந்து டெண்டர் மேல் காதை வைத்தார். "இன்னாய்யா இது? நீராவி எஞ்சினா, ஷேவிங் மிஷினா?"

வண்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தேன். இரண்டாவதை வைத்தேன். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதையும் வைத்தேன். ஐந்துமே கொசு.

டிகோடர்கள் போய்விட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். மல்டிமீட்டரை வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டெண்டரைக் கழற்றி, ஸ்பீக்கரை ஒயரோடு வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். கொசு. சுவரில் சாய்ந்திருந்த பழைய பலகையைக் கொண்டுவந்து ஆறாம் துளையில் பொருத்தினேன். பட்டறை முழுக்க என்ஜின் கர்ஜித்தது.

டெண்டரைத் திருப்பிப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பீக்கர் முன்னால் ஒரு காற்றைத் தள்ளும்போது பின்னால் அதற்கு நேர்மாறான காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். பலகை அவற்றைச் சந்திக்கவிடவில்லை. எங்கள் டெண்டரிலோ சக்கரத்துக்கும் ஒயருக்கும் ஸ்க்ரூவுக்குமாக எட்டு ஓட்டைகள். ஜனவரியில் நான் மார்க் போட்டது ஸ்பீக்கருக்கு அல்ல, ப்ளைவுட்டுக்கு.

"மொந்தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டு முசே லெயோன் நெற்றியில் கை வைத்தார். "செல்வம், நான் அங்க போன் பண்ணிச் சொல்லிடட்டுமா? வேற ஆளு கேட்டுக்கினு இருக்கான். தெரியும் இல்ல?"

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நூத்தம்பதும் வாங்கியாச்சே, சார்" என்று மட்டும் சொன்னார். என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அசெம்பிளி மேஜையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டிருந்தார்கள். வீராம்பட்டினத்திலிருந்து வரும் அஞ்சலாட்சி எழுந்து வந்தாள். ஸ்பீக்கர்களுக்கு ஒயர் பற்றவைப்பது அவள்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சாலிடரிங்கில் அவள் கைக்கு நிகர் பட்டறையில் கிடையாது.

"சார், நான் அப்பவே கேட்டேனே."

"என்னம்மா கேட்ட?"

"ஒயர் வச்சதும் நான் ஒருக்கா தட்டிப் பாப்பேன். கையில இருந்தா நொய்யினு இருக்கும், பலகையில போட்டா கத்தும். 'வண்டியில பலகை எங்க சார் வரும்?'னு கேட்டேன். நீங்க எழுதிக்கினீங்க. எழுதிட்டீங்களேன்னு நானும் வுட்டுட்டேன்."

எனக்கு நினைவே இல்லை. அவள் தவறாகச் சொல்கிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நோட்டைப் புரட்டினேன். ஜனவரி 22. என் கையெழுத்து, அடிக்கோடு உள்பட: "காலை 11.10. அஞ்சலாட்சி கேள்வி: வண்டியில் பலகை எங்கே? சோதனைக்குத் தொடர்பில்லாதது."

என்ஜின் கொசுவானது எனக்கு முதல் அதிர்ச்சி. இந்த வரி அதைவிடப் பெரியது. கேள்வி என் காதில் விழாமல் போயிருந்தால்கூடச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். விழுந்திருக்கிறது. நிமிஷக் கணக்கோடு எழுதி, அடிக்கோடிட்டு, என் கையாலேயே தள்ளிவைத்திருக்கிறேன்.

முசே லெயோன் எட்டிப் பார்த்தார். வாய்விட்டுப் படித்தார். "தொடர்பில்லாததா! யோவ், பேஷா எழுதுற. கையெழுத்து மணிமணியா இருக்கு."

ஆறாம் எண்ணுக்குப் பின்னால் மூடி போட்டால் என்ன என்று அளந்தேன். மூடியோடு உயரம் நான்கு மில்லிமீட்டர் அதிகமாகி டெண்டர் மூடவில்லை.

"மூடியோட வந்தது ஒண்ணு இருந்துச்சே சார்" என்றாள் அஞ்சலாட்சி. "சீட்டுக் கட்டி வச்சீங்களே."

நான்காம் எண். டிராயரில் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் ஏற்கெனவே மூடியிருந்ததால் பலகை அதற்கு உதவவில்லை. அதனால்தான் ஏழாவது இடம். அவள் ஒயரை மாற்றிப் பற்றவைத்தாள். இருபக்கப் பசை நாடாவால் அதை டெண்டரின் தரையில் ஒட்டி, மூடி, தண்டவாளத்தில் வைத்தேன். மணி 4.50.

கர்ஜனை இல்லை. ஆனால் அடித்தொண்டையிலிருந்து ஒரு மூச்சு வந்தது, தொடர்ந்து இன்னொன்று, பிறகு விசில். தூரத்தில் ஒரு நிஜ என்ஜின் வருவதுபோல் இருந்தது. முசே லெயோன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்றுக் கேட்டார்.

"இத எடுத்துக்கினு போறேன். மீதி நூத்திநாப்பத்தொம்பதும் இதே மாதிரி மூச்சு வுடணும். இல்லைன்னா என் மூச்சு போயிடும், அவனுங்க கத்துற கத்துல." அஞ்சலாட்சியிடம் திரும்பி, "மெர்சிம்மா" என்று நன்றி சொன்னார்.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேஜைக்குப் போய் சாலிடரிங் அயனை நிறுத்தினாள். அதை அணைக்காமல் வந்திருந்தாள்.

சாம்பிளை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். மீதி என்ஜின்களுக்கு நான்காம் எண்ணையே வாங்கினோம். ஏப்ரலில் எட்டுப் பேருக்கும் வேலை இருந்தது. ஆறாம் எண் ஸ்பீக்கர்கள் நூற்றைம்பதும் அட்டைப்பெட்டியோடு என் மேஜைக்கடியில் கிடந்தன. உட்காரும்போதெல்லாம் முழங்காலில் இடித்தன. நகர்த்தச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பீக்கரை அது வாழப்போகிற கூட்டுக்குள் வைத்துக் கேளுங்கள். கூடு தயாராகவில்லை என்றால் காத்திருங்கள். வேலை செய்கிற கை ஒரு கேள்வி கேட்டால், அதை எழுதிவிட்டதாலேயே பதில் சொல்லிவிட்டதாக நினைக்காதீர்கள்.

அந்த மார்ச் 14-க்கு மறுநாள், வியாழக்கிழமை, 8.15-க்குக் கையெழுத்துப் போட்டேன். மேஜையைத் துடைக்கவில்லை, டீக்குப் போகவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நேராக அசெம்பிளி மேஜைக்குப் போனேன். ஜனவரி 22-ஆம் பக்கத்தைத் திறந்து அஞ்சலாட்சியின் முன்னால் வைத்து, "அன்னிக்கு என்ன கேட்டியோ, அத முழுசா ஒருக்கா சொல்லும்மா" என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.