பல்செட் மாவில் ஒரு நகம்

எண்பதுகளில் வேலூரில் பல்செட் செய்யும் கடையொன்றில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டிருந்தது. அக்ரிலிக் தூளையும் அதற்கான திரவ மருந்தையும் கலந்தால் கல்லாக இறுகும் என்பது மட்டும் அத்துப்படி.

பக்கத்து அறையில் ஓர் அக்கா பியூட்டி பார்லர் திறந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் வேலையிலிருந்து நின்றவர். முதலில் வந்த கல்யாணப் பெண்ணுக்குக் கட்டைவிரல் நகம் பாதி உடைந்திருந்தது.

"நகத்த சரி பண்ணாத்தான் கல்யாண அலங்கார வேலை உங்களுக்கு" என்று பெண்ணின் தாய் சொல்லிவிட்டுப் போனார். அது கைகூடாவிட்டால் அக்கா மறுபடி கம்பெனி பஸ் ஏறவேண்டியதுதான்.

"டேய் பல்லு பண்றவனே, உன் பல்லுத் தூள்ல நகம் பண்ணக் கத்துக்குடுப்பியா?"

"குடுக்கலாம்க்கா. நகம் கடிக்காது, அதுவே நிம்மதி."

பழக என் கட்டைவிரலையே நீட்டினேன். மருந்து வாடை தலை சுற்றவைக்கும் என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். பல்செட் விரிசலை அடைக்கிற மாதிரியேதான்: பிரஷை மருந்தில் நனைத்து, தூளில் தொட்டு, வரும் உருண்டையை நகத்தின் நடுவில் வைத்து மெல்லிசாக முனைக்குத் தள்ளவேண்டும், சதையில் படக்கூடாது. அக்கா தலையாட்டினார். பிறகு அரத்தை எடுத்து என் நகத்தைப் பரபரவென்று ராவ ஆரம்பித்தார்.

"அக்கா! இன்னா பண்றே?"

"சும்மா இருடா. நல்லா சொரசொரன்னு ஆனாத்தான் ஒட்டும்."

"அது மாட்டுத்தோலுக்குக்கா. மாடு செத்துப்போச்சு, கத்தாது. நான் கத்துவேன்."

"நீ எப்பவும் ஜாஸ்தியாத்தான் கத்துறே."

மருந்து பட்டதும் விரல் தீயாக எரிந்தது. என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பல்லுக்கான அந்த மருந்தை நகத்தில் வைக்கவே கூடாது என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"இதே மாதிரி அந்தப் பொண்ணுக்குப் பண்ணா, அவங்கம்மா என்னையே ராவிடும்" என்றார்.

"வெள்ளத் தோல்ல கறை பட்டா எப்டிக்கா தொடைப்பே?"

"பட்டும் படாம."

"அவ்ளோதான். பளபளப்பு மட்டும் போவட்டும்."

மறு கையை நீட்டினேன். அரம் பட்டதே தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெண் தாயோடு வந்தாள். அக்கா உருண்டையை வைத்துத் தள்ளினார்.

"எரியுதாம்மா?"

"இல்லீங்கக்கா."

தாய் அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம், "மீதி அலங்காரத்துக்கு இன்னா இன்னா வேணும்னு சொல்லும்மா" என்றார்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது.

"அக்கா, உன்னத்தான் கூப்புடுறான்."

"நீ போய் ஏறிக்கோ" என்றார் அக்கா, நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.