அமெரிக்கர் கையில் ஓட்டு

மெல்பர்ன் தபால் நிலையம், 1972. மூடுவதற்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் அமெரிக்கரின் ஒரு கையில் அவர் நாட்டுத் தேர்தலுக்கான தபால் ஓட்டு, மறு கையில் இன்னும் ஒட்டாத முத்திரை. வரி, வியட்நாம், விலைவாசி என்று தம் அரசாங்கத்தை வறுத்தெடுக்கிறார்.

"ஓட்டுப் போடாத சோம்பேறிகளால்தான் நாடு நாசமாகிறது!" என்று கவுண்டரில் குத்துகிறார்.

கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். "இவர் எப்போதும் இப்படித்தானா, அண்ணே?" என்று தமிழில் கேட்கிறேன்.

"ஓம் தம்பி, மூண்டு நாளா வாறார். நாக்கு ஓய்ஞ்சாத்தானே முத்திரையை நனைச்சு ஒட்டலாம்."

மணி ஐந்து. ஷட்டர் இறங்குகிறது. வீட்டுக்கு எழுதிய என் கடிதமும் என் கையிலேயே இருக்கிறது. அமெரிக்கர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

"பார்த்தீர்களா? நம்மை ஓட்டுப் போட விடாமல் இப்படித்தான் தடுக்கிறார்கள்!"