நாற்பது தப்படி தூரம்

ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு வெளிச்சப் பைத்தியம் பிடித்தது. விடிவதற்குள் மாட்டுங்காவில் வீட்டை விட்டு இறங்கித் தாராவிக்கு நடப்பேன். சூரியன் செம்பூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வரும். மாலையில் அலுவலகம் முடிந்ததும் செம்பூர் மேம்பாலத்தில் போய் நிற்பேன். அதே சூரியன் தாராவிக்குப் பின்னால் போய் விழும். இடையில் கிடக்கும் பகல் எனக்கு வேண்டாத சாமான். காலையும் மாலையும் அரை மணி நேரம், தகரமும் தார்ப்பாயும் இந்த ஊரில் பொன்னாகிவிடும். அதற்காகவே உயிர் வாழ்வதுபோலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

தாராவியில் நான் நிற்கும் இடம் ஒரு சந்தின் கோடியில், மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. அங்கே ஏற எனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அந்தச் சந்தில் இட்லி அவிக்கும் ஓர் அம்மாள். திருநெல்வேலிப் பக்கம். வீட்டு வாசலில் பெரிய கொப்பரை வைத்து ஈடு ஈடாக அவித்துத் தள்ளுவார். அவருடைய கணவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்காவுக்கு வருவார். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் காலை ஆகாரம். என் வீட்டுக்கும்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது சூரியன் சிக்குமா?” என்பார் அந்த அம்மாள்.

“மேகமா இருக்கேம்மா.”

“அது சரி, ஒங்களுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்கும். பாத்து ஏறுங்க. விழுந்து கிழுந்து வைக்காதிய, ஒங்க வீட்டம்மாவுக்கு நாம்லா பதில் சொல்லணும்.”

மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலை. நீண்ட லென்ஸைப் போட்டிருந்தேன். அதற்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் இருப்பதை இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடும். சூரியன் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் அதைத்தான் போடுவார்கள். அந்த அம்மாள் கொப்பரையைத் திறந்தார். ஆவி எழுந்தது, ஆவிக்குள் வெயில் புகுந்தது, அவருடைய கையும் கன்னத்து ஓரமும் பற்றி எரிந்தன. அவருக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி, நாலா என்று இங்கே சொல்லும் சாக்கடைக் கால்வாய். மற்ற நேரத்தில் கறுப்புத் தண்ணீர், அந்த நிமிடத்தில் உருக்கிய செம்பு. அதையும் சேர்த்துக்கொண்டேன். ஓரடி நகர்ந்திருந்தால் அது படத்திலேயே இருந்திருக்காது. எனக்கு அந்த மினுக்கம் வேண்டியிருந்தது.

படத்தில் நாலா கொப்பரையின் விளிம்பை உரசிக்கொண்டு ஓடியது.

எங்கள் கட்டடத்து வாட்ஸாப் குழுவில், விடியலைப் பற்றி இரண்டு வரி எழுதி அதைப் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருவர் கேட்டார்: இது நம் வாசலுக்கு வரும் இட்லிக்காரர் வீடுதானே? ஆமாம் என்று நானே பெருமையாகப் பதில் போட்டேன்.

மாலை லிஃப்ட் வாசலில் கட்டடச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

“படம் பிரமாதம் ஸார். ஆனா வயத்தைப் பிரட்டிடுத்து. சாக்கடை மேலயே வச்சுண்டு இட்லி வாக்கறா. இத்தனை வருஷமா இதையா சாப்ட்டிண்டிருந்தோம்? நல்ல வேளை, கண்ணைத் தொறந்தேள்.”

சிரித்து வைத்தேன். லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. சைக்கிள் வெளியே நின்று ஹாரன் அடித்தது. பால்கனித் துணிகளுக்குப் பின்னால் நின்று, அது போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, அந்தக் கணவர் தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தார்.

“சார், படத்தப் பத்தி வாட்ச்மேன் சொன்னான். எங்க வாசலுக்கும் நாலாவுக்கும் நாப்பது தப்படி இருக்கு. நேத்து நடந்து எண்ணிப் பாத்தேன். ஒங்களுக்குத் தெரியாததா? செகரட்டரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா பொய்யும்பாவ. படம் எடுத்தவர் சொன்னா கேப்பாவ.”

“ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கு. அதுல சொல்றேன்.”

“அதுவரைக்கும் கேட்டு அடைச்சேதான் கெடக்குமா சார்?”

“நாலஞ்சு நாள்தானே” என்றேன்.

அவரிடம் சொல்லாதது இது. அந்தப் படத்தைத் தமிழ்க்காரர்கள் நடத்தும் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை திறப்பு. நாலா அங்கே இல்லை, லென்ஸ் செய்த வேலை என்று இப்போதே சொன்னால், படமே பொய்யா என்று ஒருவர் கேட்பார், பிறகு எல்லோரும் கேட்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். தாராவிப் பக்கம் போகவில்லை. காலையில் பிரெட் தின்றேன்.

கண்காட்சியில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு உண்மை சார் இந்தப் படம்!” என்றார். நன்றி சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்த நன்றி நினைவுக்கு வந்தால், ரயில் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னேன். லென்ஸ், தூரம், நாற்பது தப்படி, எல்லாம். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை அன்னிக்கே லிஃப்ட்கிட்ட சொல்லியிருக்கலாமோன்னோ?”

நான் உட்கார்ந்துகொண்டேன்.

“வெள்ளிக்கிழமைதான் செம்பூர்ல ஒரு மாமிக்கு வாக்குக் குடுத்தாச்சு. இட்லி டப்பால வந்துடும். எல்லா வீடும் ஒத்துண்டாச்சு. அவகிட்ட போய் இப்ப வேண்டாம்னு எப்படி சொல்றது?”

மறுநாள் காலை கேமரா இல்லாமல் சந்துக்குப் போனேன். அந்த அம்மாள் நிமிரவில்லை.

“நேத்து சொல்லிட்டேம்மா. ஆனா…”

“வாட்ச்மேன் சொல்லிட்டான். அவுக இப்ப செம்பூரையும் தாண்டி தேவ்நார் வரைக்கும் சைக்கிள் மிதிக்காவ. வர பதினோரு மணி ஆவுது, முட்டி வீங்கிக் கெடக்கு.”

“தப்பு என்மேலதான்.”

“செவ்வாக்கெழமையே சொல்லிருக்கலாம்லா?”

அதட்டவில்லை. மாவு புளித்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னார். நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வடாலாவுல புதுசா ஒரு கட்டடத்துல இட்லி கேட்டிருக்காவ. அங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாரும் இருந்தா, எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதிய அண்ணாச்சி. அது போதும்.”

சரி என்றேன். அவர் அடுத்த ஈட்டை ஊற்ற ஆரம்பித்தார்.