பிரதமருக்கு அடித்த தந்தி

அந்தக் குளிர்காலத்தில் எல்லையின் இரண்டு பக்கமும் பட்டாளம் குவிந்து நின்றது. எந்த நேரமும் சண்டை தொடங்கலாம் என்று டிவி சொல்லிக்கொண்டே இருந்தது. வடமதுரைக் கடைவீதியில் டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம், "ஒரே போடா போட்டுறணும்" என்றார்கள். போடப் போகிறவர் என் வீட்டுக்காரர். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் எல்லையிலிருந்து எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டபோது குரலே சரியில்லை. "கோதுமை பச்சப்பசேல்னு நிக்கிற காட்டுல கண்ணிவெடி பொதைக்கிறோம் புள்ள. யாருகிட்டயும் சொல்லிறாத" என்றார். ஊரில் இருந்தவரை செருப்புக் காலோடு வெள்ளாமைக்குள் இறங்காத மனுஷன்.

மறுநாளே அவரைப் பெற்ற அத்தையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். பிரதமருக்குத் தந்தி அடிப்பது என்று முடிவு. அந்தக் கோதுமைக் காட்டைப் பற்றி எழுதத்தான் கை துடித்தது. எழுதினால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடும். 'போர் வேண்டாம் அய்யா, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

தந்தி ஆபீஸ்காரர் படித்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தார். "பிரதமருக்காம்மா? வாழ்த்துத் தந்தின்னா ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு, அதப் போட்டு அனுப்பிருவேன். இதுக்கு நம்பர் கெடையாதே" என்றார்.

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டார். "நாடே கொதிச்சுக் கெடக்கு, இவுக வேண்டாம்னு தந்தி அடிக்கிறாக. நீங்க எந்த நாட்டுக்காரவுக?" என்றார் சத்தமாக. ஆபீஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"அனுப்புறவுக பேரு, விலாசம் எழுதலையே" என்றார் ஆபீஸ்காரர். அதை நான் யோசிக்கவே இல்லை. தந்தியில் என் பெயர் போனால் அங்கே அவரைத்தான் பிடித்து விசாரிப்பார்கள். காகிதத்தைத் திருப்பி வாங்கிக் கசக்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார்.

"எம்பேரப் போடுங்க சார். அங்கன நிக்கிறது நான் பெத்த பிள்ள. பெத்தவ கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்தா காட்டுங்க." பிறகு பின்னால் திரும்பி, "ஏப்பா, ஒனக்கு எத்தன பிள்ள எல்லையில நிக்குது?" என்று கேட்டார்.

ஆபீஸ்காரர் அத்தையின் பெயரைக் கேட்டு எழுதி, முத்திரை குத்தினார்.

பதில் வரவில்லை. வரும் என்று நானும் நினைக்கவில்லை. அத்தை மட்டும் தபால்காரர் சைக்கிளைக் கண்டால் வாசலுக்குப் போய் நிற்பார். கோடை போய், மழையும் வந்தபிறகு, சண்டை இல்லாமலே பட்டாளத்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எங்கள் தந்தியால்தான் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனாலும் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திரும்புமுன் புதைத்ததை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று வெடித்து அவருடைய இடது பாதம் போயிற்று.

ஊன்றுகோலோடு அவர் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று கடைவீதியே கூடிவிட்டது. "எந்தச் சண்டையிலப்பா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தைதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சண்டையே நடக்கலப்பா. நடந்திருந்தா இந்த மிச்சமும் வந்திருக்காது."