மாதம்மாளின் வெப்சைட்டும் மூச்சு வாங்கிய ஜீப்பும்

சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் நாகலூரில், ஒரு காப்பி எஸ்டேட்டின் லாரி ஷெட்டில் மாதம்மாள் ஸ்டோர் கீப்பர். போல்ட் கேட்டால் போல்ட், பேரிங் கேட்டால் பேரிங் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. இத்தனைக்கும் அவள் சேலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். வகுப்பிலேயே ஒரே பெண். படிப்பு முடிந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும், “பொம்பளப் புள்ளைக்கு ஸ்பானர் எதுக்குங்க?” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. வேலைதான் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கெழுதும் ரைட்டர் அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துணியை விலக்கிவிட்டு மாதம்மாள் உட்கார ஆரம்பித்தாள். சேலத்தில் வாங்கிய தலையணை தடிமன் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, ஒரே வருஷத்தில் ஒரு வெப்சைட்டைக் கட்டி முடித்துவிட்டாள். பூப்படம், சாமிப்படம் எதுவும் அதில் கிடையாது. எல்லாம் வண்டிக் கணக்கு. டயர் அளவையும் கியர் பல்லையும் போட்டால் வண்டியின் வேகத்தைச் சொல்லும் ஒரு பக்கம். இத்தனை பாரத்தோடு இந்த மேட்டில் ஏறுமா ஏறாதா என்று சொல்லும் இன்னொரு பக்கம். இப்படிப் பதினொரு கணக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் அவள் பெயரும், பக்கத்தில் டிப்ளமோவும். வாங்கிப் பத்து வருஷமாகியும் அந்த டிப்ளமோ வேலை பார்த்த ஒரே இடம் அதுதான்.

நாகலூரில் அப்போது இன்டர்நெட் ஏது? அதற்குத்தான் புருஷன் இருந்தான். அண்ணாதுரை நாகலூர்–சேலம் பஸ்ஸில் கண்டக்டர். மாதம்மாள் பிளாப்பியில் போட்டுக் கொடுப்பாள். அவன் சேலம் போனதும் பஸ் நிற்கிற முக்கால் மணி நேரத்தில், பெரியசாமி என்பவரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை ஏற்றிவிட்டு, வந்த மெயில்களை அச்செடுத்து வருவான். முதல் பிளாப்பியை இன்ஜின் பெட்டி மேல் வைத்து அப்பளமாக்கிவிட்டான். அதன் பிறகு அது டிபன் பாக்ஸின் மேல் தட்டில் பயணம் செய்தது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்பதை ஸ்டாப்பிங் பெயர்களைப் போல வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவான்.

மாதம்மாள் எந்தக் கணக்கையும் எஸ்டேட் ஜீப்பில் சோதித்துப் பார்க்காமல் ஏற்றமாட்டாள். டிரைவர் பொன்னுவேல் ஓட்ட, இவள் பக்கத்தில் கடிகாரத்தோடு. சோதிக்கும்போதெல்லாம் ஒரு வில்லங்கம். இன்ஜினுக்குக் கம்பெனி எழுதியிருக்கிற சக்தியைப் போட்டுக் கணக்குப் பண்ணினால், ஜீப் அந்த அளவுக்கு இழுக்கவில்லை. நூற்றுக்குப் பதினாலு குறைந்தது. வாழவந்தி ரோட்டில் பார்த்தாலும் பதினாலு, ஒண்டிக்கடை மேட்டில் பார்த்தாலும் பதினாலு. கம்பெனிக்காரன் விற்பதற்காகக் கூட்டிச் சொல்கிறான் என்று மாதம்மாள் முடிவு கட்டினாள். சக்தி வருகிற எல்லாக் கணக்கிலும் பதினாலைக் கழித்தாள். அதோடு விட்டாளா? ‘கம்பெனிகள் சொல்லும் சக்தியை நம்பாதீர்கள், நான் சோதித்துவிட்டேன்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வேறு.

வந்தது மெயில். தூத்துக்குடியில் மீன் வேன்களுக்குப் பட்டறை வைத்திருக்கும் மனுவேல் என்பவர் எழுதியிருந்தார். ‘ஐஸோடு என் வேன் பாலம் ஏறாது என்கிறது உங்கள் கணக்கு. அது தினமும் ஏறுகிறது. இன்னும் மூன்று வேன்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே குறைவாகத்தான் வருகிறது. கம்பெனிகளைப் பொய்யர் என்று எழுதும் முன் உங்கள் கணக்கைச் சரி பாருங்கள். இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.’

மாதம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் சூத்திரங்களைக் கிளறினாள். புத்தகப்படி ஒரு புள்ளி பிசகில்லை. ஆனால் நான்கு வண்டிகள் பொய் சொல்லுமா? பட்டறைக்காரர்கள் சொன்னது சரிதானோ, தனக்கு இதெல்லாம் வராதோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அது அவளுக்கு ரொம்பவே வலித்தது. மூன்றாம் நாள், ‘இந்தத் தளம் மூடப்பட்டது’ என்று ஒரே வரி அடித்துப் பிளாப்பியை நீட்டினாள்.

“இத ஏத்திருங்க. பழசெல்லாம் அழிஞ்சிரும்.”

“ஏம் புள்ள, ஒருத்தன் சொன்னான்னு...”

“ஏத்திருங்கன்னு சொன்னனுங்களே.”

அன்று மாலை அண்ணாதுரை வந்து, சென்டரில் கரண்ட் இல்லை என்றான். மறுநாளும் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சேலத்தில் என்னதான் நடக்கிறது என்று மாதம்மாளுக்கு விளங்கவில்லை.

நான்காம் நாள் கியர்பாக்ஸ் சாமான் வாங்க அவளே ஜீப்பில் சேலம் போக வேண்டி வந்தது. ஆறு மூட்டை காப்பியும் பின்னால் இருந்தது. அடிவாரம் தாண்டி ரோடு சமமானதும், பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாம் கியரில் இருபதிலிருந்து நாற்பது வேகத்துக்குப் போக, இதே பாரத்தோடு எஸ்டேட் கேட் ரோட்டில் பதினொரு விநாடி ஆகும். இங்கே ஒன்பதரைதான் ஆயிற்று. நிறுத்தி, திரும்ப ஓட்டச் சொன்னாள். ஒன்பதரை. வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டச் சொன்னாள். அப்போதும் ஒன்பதரை.

“ஏனுங்க பொன்னுவேலு, வண்டிய என்ன பண்ணுனீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணுலீங்க. கீழ எறங்குனா எப்பவும் இப்படித்தானுங்க ஓடும். மேல காத்து கம்மியில்லீங்களா? இன்ஜினுக்கும் மூச்சு வாங்குமுங்க. படிச்சவுங்க, உங்குளுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும். கம்பெனி சொல்லும் சக்தி கடல் மட்டத்துக் காற்றுக்கு, மேலே போகப் போகக் குறையும் என்று புத்தகத்தில் ஒரு பத்தியே இருந்தது. ‘இது இமயமலைக்காரங்களுக்கு, பரீட்சைக்கு வராது’ என்று சேலத்து வாத்தியார் தாண்டிப் போய்விட்டார். ஐயாயிரம் அடி உயரத்தில் பிறந்து வளர்ந்தவளும் அதை அப்படியே நம்பித் தாண்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து இழுத்த காற்றுதான் உலகத்துக் காற்று என்று நினைத்திருந்தாள். மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. இன்றைக்குக் கரண்ட் வந்து, புருஷன் அந்தப் பிளாப்பியை ஏற்றித் தொலைத்திருந்தால்?

“சென்டருக்கு விடுங்க, சீக்கிரம்!”

பெரியசாமியின் சென்டரில் மின்விசிறி சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அண்ணாதுரை புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிளாப்பி மேல் தட்டில் பத்திரமாக இருந்தது.

“கரண்ட் இல்லீன்னீங்க?”

“இப்பத்தான் வந்துச்சு,” என்றான் அவன். பெரியசாமி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாலு பேர் இருந்ததால், “தள்ளி உக்காருங்க,” என்று மட்டும் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்து, கணக்குகளில் பதினாலைக் கழிக்கும் வரியை எடுத்தாள். கம்பெனிகளைத் திட்டிய சிவப்பு வரியை அழித்தாள். சக்தி வருகிற ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக ஒரு கட்டம் வைத்தாள்: ‘உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம்?’ வெளியே பஸ் டிரைவர் ஆரன் அடித்து ஓய்ந்தார். பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. பஸ்ஸில் இருந்த கூடைக்காரி குப்பாயி மலை ஏறும்வரை அண்ணாதுரையை வைதுகொண்டே வந்தாள்.

மனுவேலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ‘இப்போது என் வேன் பாலம் ஏறுகிறது, நன்றி’ என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணாதுரை ஒரு அச்செடுத்த தாளோடு ஸ்டோருக்கே ஓடி வந்தான். பொலிவியா நாட்டில், பன்னிரண்டாயிரம் அடி உயரத்து ஊர் ஒன்றில் பஸ் ரிப்பேர் செய்யும் ஒருவர் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ‘இருபது வருஷமாக எந்தக் கணக்கும் எனக்குச் சரியாக வந்ததில்லை. நான்தான் மோசமான மெக்கானிக் என்று நினைத்திருந்தேன். என் ஊர் எவ்வளவு உயரம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள்.’

மாதம்மாள் அதை நான்கு தடவை படித்தாள். மெக்கானிக் அங்கப்பன் கிரீஸ் கையோடு வந்து ஜன்னலில் நின்றான்.

“அக்கா, அரை இஞ்ச் போல்ட் ரெண்டு குடுங்க.”

“சித்த இருங்க அங்கப்பா,” என்றாள் மாதம்மாள். “நான் அழுதுக்கிட்டிருக்கறேன்.”