தலைவர் இறையாண்மை பேசாத கூட்டம்

போன வாரம் நிலக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. முதுகில் வீட்டுச் சுவர் அகலத்துக்குத் திரை. அதில் ஒரு தலைவர் கல்வி, ஜனநாயகம், நாட்டின் இறையாண்மை என்று வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜெனரேட்டர் சூட்டில் ஒரு வார்னிஷ் வாடை கிளம்பியது பாருங்கள், அது மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது.

அந்த வயதில் நான் மைக் செட்காரன். ஆம்ப்ளிபயர் சூடேறினால் இதே வாடைதான் வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து காது வழியாகப் படித்தது.

எங்கள் வாத்தியார் உள்ளூர்த் தலைவர் ஒருவர். பெயர் வேண்டாம். மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றுவிட்டு, நான்காவதற்கு வேட்டியை வெளுத்து மடித்து வைத்திருந்தவர். அவருடைய பேச்சு ஒரு பந்தி மாதிரி. கல்வி சோறு, ஜனநாயகம் குழம்பு, இறையாண்மை பாயசம். எதிர்க்கட்சியை வைவது இடையிடையே தொட்டுக்கொள்ள வெஞ்சனம். "படிச்சவன் கேள்வி கேப்பான். கேள்வி கேட்டாத்தான்யா ஜனநாயகம். நம்ம பிள்ளைக என்ன படிக்கணும்னு எவனோ வெளிய இருந்து எழுதித் தாரான்னா, அப்புறம் இது யாரு நாடு?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். அடுத்தது இறையாண்மை. குரல் எகிறும். நான் வால்யூமைக் குறைக்காவிட்டால் குழாய் ஸ்பீக்கர் ரெண்டும் ஊளையிடும்.

அன்றைக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தில் யாருக்குக் கேள்வி இருந்தாலும் துண்டுச் சீட்டில் எழுதி மைக் செட்காரனிடம் கொடுப்பார்கள். பஸ் டிக்கெட், நாள்காட்டித் தாள் என்று எதிலும் கேள்வி வரும். நான் எம்பி மேடைக்கு நீட்டுவேன். தலைவர் முன்கூட்டிப் பார்க்க மாட்டார். பிரித்தவுடன் மைக்கிலேயே வாசிப்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம். "சீக்கிரம் முடிக்கவும், கடைசி பஸ் போயிரும்" என்று வந்த சீட்டைக்கூட முழங்க வாசித்திருக்கிறார்.

எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் எழுத்தர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம், மல்லிகைக்காட்டு ஊர் ஒன்றில் கூட்டம். பூப்பறிக்கும் பாண்டியம்மாள் அக்கா என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, எம்மக செல்வி எட்டு பாஸு. ஒம்பதுல சேக்க மாட்டேங்குறாரு அவுகப்பன். நாளையோட சேக்குறது முடியுது. தலைவரு சொன்னா கேப்பாரு. மைக்குல சொல்லச் சொல்லி எழுதுப்பா."

அவுகப்பன் கருப்பையா முதல் வரிசையில் இருந்தார். தலைவர் மூச்சு விட்டாலே கைதட்டுகிற ஆள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காதால் படித்த படிப்பைக் காட்டினேன். இம்புட்டுப் பச்சையாக எழுதுவதாவது! "தாய்க்குலத்தின் கல்வி உரிமை குறித்துத் தலைவரின் மேலான கருத்து யாது?" என்று எழுதி நீட்டிவிட்டேன்.

தலைவருக்கு ஒரே குஷி. பெண்கல்வி பற்றிக் கால்மணி நேரம் பொழிந்தார். ஊரே தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் கருப்பையா.

அக்கா திரும்பி வந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏம்ப்பா, நான் சொன்னது இதையா?"

"அதேதான்க்கா, கொஞ்சம் அழகா..."

"அழகு எதுக்கு? பிள்ள நாளைக்குப் பூக்கூடையத் தூக்கவா? இன்னொன்னு எழுது. நான் சொல்றத மட்டும் எழுது."

எழுதினேன். தலைவர் வழக்கம்போலப் பிரித்தவுடன் வாசித்தார். "கருப்பையா மக செல்வி எட்டு பாஸு. ஒம்பதுல சேக்க மாட்டேங்குறாரு. நாளையோட முடியுது. முன்னால ஒக்காந்து கைதட்டுறது அவருதான்."

கடைசி வரிக்கு வந்த பிறகுதான் எதை வாசிக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. கூட்டத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது.

"கருப்பையா, எந்திரி."

கருப்பையா எழுந்தார். தோள் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. ஆனால் ஆள் அசரவில்லை. "ஒம்பதாவது பள்ளிக்கூடம் ஓடையத் தாண்டி நாலு மைலு தலைவரே. பஸ்ஸு கெடையாது. பொம்பளப் பிள்ளைய ஒத்தையில எப்புடி விடுறது? நீங்க சொல்லுங்க."

"அதானே" என்றது கூட்டம்.

கேள்வி கேட்பதுதான் ஜனநாயகம் என்று அரைமணி நேரமாகச் சொன்னவர், கேள்வி நேரில் வந்து நின்றதும் முகத்தைத் துடைத்தார். கிளைச் செயலாளர் பின்னாலிருந்து, "தலைவரே, இறையாண்மைக்கு வந்துருங்க" என்றார். எனக்கும் கை வால்யூமுக்குப் போய்விட்டது.

"காலையில எட்டு மணிக்கு நான் வாரேன், கருப்பையா. ஒங்கூட நடந்தே வாரேன். பஸ்ஸுக்கு மனுவும் நானே எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கிவிட்டார். அன்றைக்குப் பந்தியில் பாயசம் இல்லை.

எட்டு மணிக்கு வரவில்லை. பத்துக்கு வந்தார், ஒரு காதுகுத்தில் சாப்பிட்டுவிட்டு. நான் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் கருப்பையா மகளைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். "மைக்குல பேரு வந்துருச்சு. சேக்கலைன்னா எந்த மொகத்தோட டீக்கடைக்குப் போறது?" என்றார். தலைவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனுவை எழுதினார். பஸ் வந்தது, அவர் நான்காவது முறையும் தோற்ற பிறகு.

இப்போது அவரும் இல்லை, குழாய்களும் இல்லை. சென்ற மாதம் திண்டுக்கல்லில் ஒரு பெரிய கூட்டம். வேறு தலைவர், வேறு காலம். சும்மா பார்க்கப் போனேன். மேடை ஓர் ஆள் உயரம், அதற்கு முன்னால் கம்பித் தடுப்பு, அதற்கு முன்னால் போலீஸ். தடுப்போரம் பாண்டியம்மாள் அக்கா நின்றிருந்தார். தலை வெளுத்துவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவென்று பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறார்களாம். அங்கேதான் செல்வியின் மகள் மூணாவது படிக்கிறாள். கையில் மடித்த சீட்டு.

"குடுங்கக்கா, பாக்குறேன்" என்றேன்.

"வேணாம். நீ அழகாக்கிருவ."

போலீஸ்காரப் பையன் நல்ல பையன்தான். "பாட்டி, கேள்வியெல்லாம் வாட்ஸ்அப்ல போட்ருங்க, நம்பர் பேனர்ல இருக்கு" என்றான்.

அக்கா பேனரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

"போடலாம் சாமி. போட்டா, அத மைக்குல வாசிச்சு ஒருத்தர எந்திரின்னு ஆரு சொல்லுவா?"