மகள் வீட்டில் நான் பூசிய சிமென்ட்

புவனகிரியில் என் மகள், தானே மண் மிதித்துக் குழைத்துச் சுவர் வைத்து வீடு கட்டினாள். கடலூரிலிருந்து வந்த என் மைத்துனன், "என்னா மாமா, படிச்ச பொண்ணு மாட்டுக் கொட்டாய் கட்டிருக்கு?" என்று சிரித்தான். எனக்கு அவமானமாக இருந்தது. மகள் வெளியூர் போயிருந்தபோது, சிதம்பரத்துக் கொத்தனாரை வரவழைத்து வெளிச்சுவர் முழுக்கச் சிமென்ட் பூசவைத்தேன்.

திரும்பி வந்தவள், "மண்ணுல ஏறுற ஈரம் எப்படிப்பா காயும்?" என்றாள். "மழைக்கு இதுதான் பாதுகாப்பு" என்று வாயை அடைத்தேன்.

அந்த வருட மழையிலேயே ஈரம் உள்ளே தேங்கிச் சுவர் உப்பியது. இருவரும் சிமென்டைக் கொத்தி எடுக்கத் தொடங்கினோம். அது தனியாக வரவில்லை. அவள் மிதித்த மண்ணையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வந்தது.

"மெதுவாப்பா" என்றாள். மெதுவாகத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எப்படித் தட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.